தலைவலி என்று சுருண்டு படுக்கும் மகள்: ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள், எடை 24 கிலோ. எட்டு மாதமாக, மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை தலைவலி வருகிறது. பெரும்பாலும் பள்ளிவிட்டு வரும்போதே முகம் வெளுத்திருக்கும். நெற்றி முழுக்க வலிக்கிறது என்பாள். விளக்கை அணைக்கச் சொல்வாள், தம்பி டிவி போட்டால் அழுவாள். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினால் போதும், எழுந்ததும் எதுவுமே நடக்காதது போல விளையாடப் போய்விடுவாள். மற்ற நாட்களில் எந்தக் குறையும் இல்லை, படிப்பும் நன்றாகவே இருக்கிறது. சின்ன வயதில் பஸ் ஏறினாலே வாந்திதான். கண் டாக்டர் பவர் இல்லை என்றார். இன்னொருவர் சைனஸ் என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார். மாமியார் பித்தம் என்கிறார். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்பது என் கணவரின் கட்சி. ஆனால் ஊர்த் திருவிழா அன்றும் வந்தது. ராட்டினத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தவள், பந்தல் ஓரமாகப் படுத்துவிட்டாள். பாரசிட்டமால் சிரப் 5 மில்லி கொடுக்கிறேன், கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தலையில் கட்டி என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஸ்கேன் எடுத்துவிடலாமா? எனக்கும் சிறு வயதிலிருந்து தலைவலி உண்டு. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

குழந்தைநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதில் மூளைக்கட்டியைச் சந்தேகிக்க வைக்கும்படி எதுவும் இல்லை. கட்டியால் வரும் தலைவலி இப்படி எட்டு மாதம் வருவதும் போவதுமாக இருந்துவிட்டு, இடையில் பிள்ளையை ஓடியாட விடாது. வாரங்கள் போகப் போக வலி கூடும். அதோடு நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், காலையில் எழுந்ததும் வாந்தி வரும், படிப்பு சரியும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துகொள்ளும். உங்கள் மகளுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி என்று சொல்லப்படும் மைக்ரேன் என்றே எனக்குப் படுகிறது. அதை உறுதி செய்ய இப்போதைக்குத் தேவைப்படுவது ஒரு மருத்துவர் நிதானமாகச் செய்யும் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேன் வேண்டியதில்லை.

ஒன்பது வயதில் மைக்ரேனா என்று கேட்பீர்கள். ஐந்தாறு வயதிலேயே வரும். பருவம் அடையும் வரை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சம அளவில்தான் வருகிறது. அதன் பிறகு பெண்களுக்குக் கூடிவிடுகிறது. பெரியவர்களுக்கு வருவதிலிருந்து இது கொஞ்சம் மாறுபட்டிருப்பதால்தான் பலர் கண்டுகொள்வதில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் வலிக்கும். குழந்தைகளுக்கு உங்கள் மகள் சொல்வதுபோல நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கும். பெரியவர்களுக்கு மருந்தில்லாமல் விட்டால் குறைந்தது நான்கு மணி நேரம் நீடிக்கும். குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துவிடலாம். முகம் வெளுப்பது, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காதது, வாந்தி, தூங்கி எழுந்ததும் தெளிந்துவிடுவது என்று உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் அதைத்தான் சொல்கிறது. சின்ன வயதில் பஸ் ஏறினாலே வாந்தி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஒரு தடயம். பின்னால் மைக்ரேன் வரப்போகும் பிள்ளைகளில் பலருக்குச் சிறுவயதில் பயண வாந்தி இருந்திருக்கும். சிலருக்குக் காரணமே தெரியாமல் அவ்வப்போது வயிற்றுவலி வந்து போயிருக்கும். அதற்கும் மேலாக, தாய்க்கும் தலைவலி இருக்கிறது. மைக்ரேன் குடும்பத்தில் ஓடும் நோய்.

உங்கள் கணவரிடம் அந்தத் திருவிழா நாளைத் தயவுசெய்து நினைவுபடுத்துங்கள். பள்ளிக்குப் பயந்து நடிக்கிற பிள்ளை ராட்டினத்தை விட்டுவிட்டுப் படுப்பாளா? தூங்கி எழுந்து உடனே விளையாடப் போவதைப் பார்த்துத்தான் பல அப்பாக்களுக்குச் சந்தேகம் வருகிறது. ஆனால் அதுதான் குழந்தைகளின் மைக்ரேன் போகும் விதம். வலியோடு படுத்திருக்கும் பிள்ளையை நம்பாமல் பேசினால், அடுத்த முறை அவள் வலியை மறைப்பாள். மறைத்துவிட்டு, தாங்க முடியாத கட்டத்தில்தான் வாயைத் திறப்பாள். அப்போது மருந்து கொடுத்தும் பெரிய பயன் இருக்காது.

பள்ளிப் பயத்தால் தலைவலி வருவதே இல்லை என்று சொல்லவில்லை. தலையைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல லேசான இறுக்கம், வாந்தி கிடையாது, வலியோடே விளையாடவும் முடியும். மன அழுத்தத்தால் வரும் இந்தத் தலைவலியும் குழந்தைகளிடம் நிறையவே உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை வந்து, விடுமுறையில் சுத்தமாக மறைந்துவிடும் தலைவலியாக இருந்தால், வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, எந்த ஆசிரியரிடம் பயம் என்றெல்லாம் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் வலி நிஜம்தான்.

என்னிடம் வரும் குழந்தைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, உன் தலைவலியை வரைந்து காட்டு என்பேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே, எப்படி வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாது. கையால் தெரியும். தலைமேல் சுத்தியல் வரையும் சில பிள்ளைகள். கட்டிலில் ஓர் உருவம், பக்கத்தில் வாந்திக்கு ஒரு வாளி, ஜன்னலை மூடிக் கறுப்பாகத் தீட்டியது என்று வரைந்து கொடுப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் நான் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். நீங்களும் வீட்டில் வரையச் சொல்லிப் பாருங்கள், அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அப்பாவும் ஒரு முறை பார்க்கட்டும்.

சைனஸ் விஷயத்துக்கு வருகிறேன். சைனஸ் தொற்று என்றால் பத்து நாளுக்கு மேல் மூக்கு ஒழுகும் அல்லது அடைத்திருக்கும், சளி கெட்டியாக வரும், இருமல் இருக்கும், காய்ச்சலும் இருக்கலாம். மாதம் இரண்டு முறை வந்து தூங்கினால் போய்விடும் வலிக்கு ஆன்டிபயாடிக்கால் ஒரு நன்மையும் இல்லை. நெற்றியில் உள்ள சைனஸ் குழிகள் ஏழெட்டு வயதுக்கு மேல்தான் சரியாக உருவாகத் தொடங்குகின்றன. மைக்ரேன் வரும்போதே சில பிள்ளைகளுக்கு மூக்கில் நீர் வடியும், கண் கலங்கும். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. தலைக்கு ஊற்றியதால் நீர் கோத்துக்கொண்டது என்று குளிப்பதை நிறுத்தியிருந்தால், அதுவும் வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போட்டு ஆவி பிடிக்க வைப்பதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். பாத்திரம் கவிழ்ந்து மார்பும் தொடையும் வெந்துபோய் வரும் குழந்தைகளைப் பார்ப்பதுபோல வேதனை வேறில்லை.

கண் பார்த்தது நல்லதே. வருடம் ஒரு முறை பாருங்கள். ஆனால் கண்ணில் பவர் இருந்தால் கூட, அதனால் வரும் வலி படித்து முடித்தபின் லேசாக வருமே தவிர, வாந்தி எடுத்துப் படுக்க வைக்காது.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. வாந்தி எடுத்தால் வலி இறங்குகிறது என்று அவர் பார்த்தது உண்மை. மைக்ரேன் வரும்போது இரைப்பை வேலையை நிறுத்திக்கொள்வதுபோல மந்தமாகிவிடும், அதனால் குமட்டும். வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் மஞ்சளாக வருவது பித்தநீர்தான். ஆனால் வலி தொடங்கும் இடம் வயிறு இல்லை. மூளைக்கு வலி உணர்வு கிடையாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் ரத்தக்குழாய்களுக்கும் உண்டு. அங்கிருந்து செய்தி கொண்டுபோகும் முக்கிளை நரம்பு, மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே சட்டென்று தூண்டப்படக் கூடியது. பசி, தூக்கக்கேடு, வெயில், பஸ் குலுக்கல் என்று ஏதாவது ஒன்று போதும். சுக்குப் பத்துப் போடுவதால் கெடுதல் இல்லை, தோல் எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், வாந்தி வரவழைக்க உப்புத் தண்ணீர் கொடுப்பதும் கூடவே கூடாது. கற்பூரம் கலந்த தைலங்களை வீட்டில் உள்ள கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

இனி, பரிசோதனை. மருத்துவர் என்ன செய்கிறார் என்று நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதித் தரும் இடத்தில் இது நடப்பதில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குழந்தைகளுக்கும்தான். ஆப்தல்மாஸ்கோப் என்ற சிறு விளக்குக் கருவியால் கண்ணுக்குள் பார்த்து, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். தரையில் கோடு போட்டாற்போல, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தன் மூக்கையும் மருத்துவரின் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்ல வேண்டும். கண் எல்லாப் பக்கமும் திரும்புகிறதா, முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்து, கதையும் உங்கள் கடிதத்தில் உள்ளதுபோல இருந்தால், ஸ்கேனில் சிகிச்சையை மாற்றும்படி எதுவும் கிடைப்பது அரிது. சி.டி. ஸ்கேன் என்றால் வளரும் மூளைக்குக் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.-யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அதில் தீங்கில்லாத ஒரு சிறு நீர்க்கட்டி தெரிந்துவிட்டால், வருடக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலையும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.இ.ஜி. எடுப்பதற்கும் இந்தத் தலைவலியில் இடமில்லை.

எப்போது தாமதிக்கவே கூடாது என்பதை இரண்டு முறை படியுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, அல்லது காலையில் கண் விழித்ததுமே வலியும் வாந்தியும். இருமும்போதும் குனியும்போதும் கூடும் வலி. வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போவது. புதிதாக மாறுகண் விழுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கை எழுத்து திடீரென்று கெடுவது, சுபாவம் மாறுவது. வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு தொடங்கி, விடாமல் வரும் வலியும் வாந்தியும். இடி விழுந்தாற்போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தலைவலி என்று திரும்பத் திரும்பச் சொல்வது. இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே ஸ்கேனும் தேவைப்படும். காய்ச்சலோடு தலைவலி, கழுத்தை முன்னால் வளைக்க முடியவில்லை, பிள்ளை அரைமயக்கத்தில் கிடக்கிறது என்றால் விடியும் வரை கூடக் காத்திருக்கக் கூடாது. அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

நம் ஊரில் இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒன்று, காசநோய் மூளையுறையைத் தாக்குவது. இது திடீரென்று வராது. இரண்டு மூன்று வாரமாக விட்டுவிட்டு லேசான காய்ச்சல், சாப்பாடு பிடிக்காது, பிள்ளை ஒரு மூலையில் சோர்ந்து உட்காரும், தலை வலிக்கிறது என்னும், எப்போதாவது வாந்தி எடுக்கும். வீட்டில் தாத்தாவுக்கோ வாடகைக்கு இருப்பவருக்கோ காசநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாமதமானால் பிள்ளை பிழைத்தாலும் ஊனம் மிஞ்சும். மற்றொன்று, நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் கூடு மூளையில் தங்குவது. கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர், கை கழுவாமல் பரிமாறுவது வழியாக வரும். அதனால் பன்றி இறைச்சி தொடாத வீட்டுக் குழந்தைக்கும் வரும். இதில் பெரும்பாலும் வலிப்புதான் முதல் அறிகுறி, சிலருக்குத் தலைவலியும் சேரும்.

இப்போது மருந்து. பாரசிட்டமால் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைப் பாருங்கள். நம் கடைகளில் 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. 24 கிலோவுக்கு 360 மி.கி. வேண்டும். உங்களிடம் இருப்பது 120 மி.கி. சிரப் என்றால், நீங்கள் கொடுத்துவந்தது தேவையில் மூன்றில் ஒரு பங்கு. மருந்து கேட்கவில்லை என்ற முடிவுக்கு அதை வைத்து வர முடியாது. 250 மி.கி. சிரப் என்றால் 7 மில்லி சரியாக இருக்கும். பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியால் அளந்து கொடுங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே ஆறு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில், கொஞ்ச நேரம் பார்ப்போம், தானாகப் போகிறதா என்று பொறுத்திருந்து, வாந்தி வந்த பிறகே மருந்து கொடுக்கிறார்கள். அதற்குள் இரைப்பை மந்தமாகிவிடுவதால் மருந்து உள்ளே இறங்காது. மகள் தலை வலிக்கிறது என்று சொன்ன முதல் அரை மணிக்குள் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு இருட்டறை, மின்விசிறி, நெற்றியில் ஈரத்துணி, தூக்கம். அவளாகவே விளக்கை அணைக்கச் சொல்கிறாள் பாருங்கள், அவள் உடம்பு கேட்பதும் அதுதான்.

பாரசிட்டமாலுக்கு அடங்காவிட்டால் ஐபுப்ரோஃபென், கிலோவுக்கு 10 மி.கி., ஏதாவது சாப்பிட்ட பிறகு, உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. மைக்ரேனுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் காய்ச்சலோடு தலைவலி என்றால் ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். அது டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். இரண்டு மருந்தும் கலந்த சிரப்பும் கடையில் உண்டு. அதையும் கொடுத்து, பாரசிட்டமாலையும் தனியாகக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து உண்டு. நிமுசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுப்பதற்கு 2011-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பதும் வேண்டாம். குமட்டல் அதிகம் என்றால் அதற்குத் தனி மருந்து உண்டு. வலி மருந்துக்கும் மசியாத மைக்ரேனுக்கு, டிரிப்டான் என்ற வகை மருந்துகளை மருத்துவர் யோசிப்பார். எந்த வலி மருந்தும் வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டினால், மேலும் கொடுக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மருந்தைவிட எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுவது அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்பதைப் பற்றி. வேன் காலை எத்தனை மணிக்கு வருகிறது? நம் ஊர்களில் ஏழு, ஏழேகால் என்றுதான் இருக்கும். அவசரத்தில் ஒரு டம்ளர் பால், அதோடு சரி. அடுத்த சாப்பாடு பன்னிரண்டரைக்கு. நடுவில் வெயிலில் பிரேயர், விளையாட்டு வகுப்பு. மதியத்தில் தலை வலிக்கிறது என்றால் காரணத்தை ரொம்ப தூரம் தேட வேண்டாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது குழந்தை மருத்துவர்கள் பலர் மகிழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தனியார் பள்ளிப் பிள்ளைகள் பலர் இன்னும் அரை வயிற்றோடுதான் வண்டி ஏறுகிறார்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். முடியவே இல்லையென்றால் வேனில் சாப்பிட ஒரு வாழைப்பழம் கையில் கொடுங்கள். பத்தரை மணி இடைவேளைக்கு அவித்த கடலையோ சுண்டலோ டப்பாவில் போகட்டும்.

தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் திறந்து பாருங்கள். காலையில் கொடுத்த தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறதா? பெண் பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளியில் தண்ணீர் குடிப்பதே இல்லை. கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் உண்மை வரும்: கழிவறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இல்லை, நாற்றம் தாங்காது. அதனால் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு, குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இது தலைவலியோடு முடியாது, சிறுநீர்த் தொற்றிலும் கொண்டுபோய் விடும். இதைப் பிள்ளையின் பிடிவாதமாக நினைக்காமல் பள்ளியில் போய்ப் பேசுங்கள். ஒரு தாய் மட்டும் கேட்டால் தட்டிக் கழிப்பார்கள், நாலு பேர் சேர்ந்து போங்கள்.

தூக்கம் ஒன்பது வயதில் குறைந்தது ஒன்பது மணி நேரம் வேண்டும். காலை ஆறுக்கு எழுப்புவதாக இருந்தால் இரவு ஒன்பதுக்குள் படுத்தாக வேண்டும். விடுமுறையிலும் நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கவிட்டால், அந்தத் தூக்கமே வலியைக் கிளப்பிவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். சாயங்காலம் அரை மணி நேரமாவது ஓடி விளையாடட்டும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. ரிப்பன் வைத்து மடித்துக் கட்டும் இரட்டைச் சடை. காலை அவசரத்தில் இழுத்துப் பின்னும்போது நெற்றி ஓரத்துத் தோலே மேலே ஏறி நிற்கும். அந்த இழுப்பே தலைவலியைக் கொடுக்கும். கொஞ்சம் தளர்த்திப் பின்னுங்கள்.

சாக்லேட், சீஸ், அஜினமோட்டோ என்று நீளமான பட்டியல் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வதில்லை. ஒரே பண்டத்துக்குப் பிறகு மூன்று நான்கு முறை வலி வந்தால் அதை மட்டும் விடுங்கள். டீயும் காபியும் மட்டும் இந்த வயதில் வேண்டாம்.

இதையெல்லாம் ஊகத்தில் செய்யாமல், ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, வலி தொடங்கிய நேரம், முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தாள், அன்று என்ன, எப்போது சாப்பிட்டாள், வாந்தி உண்டா, எந்த மருந்து எத்தனை மில்லி எத்தனை மணிக்கு, எப்போது தெளிந்தாள். வலி வந்த அன்று மட்டும் எழுதினால் போதும். அவளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று மாத நோட்டு கையில் இருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் கால்வாசி நேரத்தில் வேலை முடியும். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அவள் தலை வலிக்கிறது என்றால் மாலை வரை உட்கார வைக்காமல் மருந்து கொடுத்து, ஓர் அமைதியான அறையில் படுக்க விட வேண்டும். மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தால் பள்ளியிலும் தயங்க மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் வாரம் ஒரு முறைக்கு மேல் வந்தாலோ, அடிக்கடி பள்ளிக்குப் போக முடியாமல் ஆகிறது என்றாலோ, தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசலாம். ஃப்ளூனாரிசின், புரோப்ரனலால், டோபிராமேட் போன்றவற்றைக் கொடுக்கிறார்கள். ஃப்ளூனாரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புரோப்ரனலால் கூடாது. ஆனால் இதில் அவசரம் வேண்டாம் என்பேன், காரணத்தோடு. 2017-ல் அமெரிக்காவில் 8 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அமிட்ரிப்டிலின், டோபிராமேட், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, மூன்றையும் ஒப்பிட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு 61 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மருந்து சாப்பிட்டவர்கள் அவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை, பக்கவிளைவு மட்டும் அதிகம். கவனிப்பும் நம்பிக்கையும் கிடைத்தாலே குழந்தைகளின் மைக்ரேன் கணிசமாகத் தணிகிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மாதம் இரண்டு மூன்று முறை வரும் உங்கள் மகளுக்கு இப்போது தடுப்பு மருந்து தேவைப்படாது.

கடைசியாக உங்களைப் பற்றி. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பதாக ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மாதத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள் என்று இந்த மாதம் எண்ணிப் பாருங்கள். காஃபின் கலந்த கூட்டு மாத்திரையாக இருந்து, மாதம் பத்து நாளைத் தொட்டு, அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால், அந்த மாத்திரையே அடுத்த தலைவலியை வரவழைக்கத் தொடங்கிவிடும். வெறும் பாரசிட்டமால் என்றால் பதினைந்து நாள். சிறுநீரகத்துக்கும் அது நல்லதில்லை. உங்களுக்கு இருப்பதும் பெரும்பாலும் மகளுக்கு இருப்பதுதான், அதற்கும் சரியான சிகிச்சை உண்டு. மகளை அழைத்துப் போகும் அன்று உங்கள் பெயருக்கும் ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள்.